பன் அக்காவின் இடது கண்

ஒருவர் திரும்பத் திரும்ப நம்பி, திரும்பத் திரும்ப ஏமாந்தால் அதைக் குணம் என்பதா, குறை என்பதா? பன் அக்காவை அறிந்த எல்லாருக்கும் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்திருக்கும். பதில் கிடைத்ததாக யாரும் சொன்னதில்லை.

கடைத்தெரு வளைகிற இடத்தில் அவருடைய பேக்கரி. பேக்கரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி, பின்னால் அடுப்பு, நடுவில் மாவு பிசைகிற நீள மேசை. விடிவதற்குள் பன் வாசனை தெருவை எழுப்பிவிடும். கல்யாணமான புதிதில் கணவன், "போய்ச் சேந்ததும் உன்னைக் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிக் கப்பலேறினான். அந்த ஒரு வாக்கியத்தை அக்கா வருஷக்கணக்கில் நம்பினார். வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் "வந்துடுவார்" என்பார். கடைசியில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது வீட்டுக்காரர்தான். பசி என்று யார் வந்து நின்றாலும் பன் உண்டு. ஒரே ஆள் தொப்பி மாற்றிக்கொண்டு இரண்டு தடவை வந்தாலும் உண்டு. வலது கண் மங்கியபோது, "வயசானா இப்படித்தான், இதை ஊத்திக் கழுவுங்க" என்று ஒருவன் விற்ற தண்ணீரை நம்பினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிச்சம்.

"உங்களை ஏமாத்த ஒருத்தன் மெனக்கெடவே வேண்டாம்" என்பார் கணக்கு சார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், தினமும் முதல் ஆளாக வந்து நிற்பவர். "வாசல்ல நின்னு வாயைத் திறந்தா போதும்."

"பல்லு வலிக்குதுன்னு சொன்னீங்களே சார், அதை நம்பித்தானே மெத்துனு இருக்கிற பன்னாப் பாத்து எடுத்து வச்சேன்? வேணாம்னா குடுங்க."

சார் பன்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

அக்காவின் இடது கண்ணிலும் அதே நோய் இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய். தினமும் சாயங்காலம் ஒரு சொட்டு மருந்து விட்டால் அடங்கிக் கிடக்கும். அடுப்புத் தட்டு தூக்கித் தூக்கி நடுங்கப் பழகிய கை. சொட்டு சில நாள் கன்னத்தில் விழும், சில நாள் மூக்கில் விழும். "இன்னைக்கு மூக்குக்கு நல்லா கண்ணு தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடி விட்டுக்கொள்வார்.

எதிர்ப்பக்கம் பஞ்சர் கடை. அதன் சொந்தக்காரனுக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. தெருவுக்கு அவன் பஞ்சர்காரன். அவனுக்கும் அக்காவுக்கும் பொதுவாக இரண்டு விஷயம். ஒன்று, இருவரும் ஒரே சபை. பெயின்ட் கடைக்கு மேல் இருக்கிற கூடத்தில் அந்தச் சபை கூடும். படி ஏறும்போதே டர்பன்டைன் வாசனை ஜெபத்தில் கலந்துவிடும். இன்னொன்று, அவனுக்கும் அதே கண் நோய்.

டாக்டரம்மா முதல் தடவை "கண்ணுல பிரஷர் ஜாஸ்தி" என்றபோது அவன் சிரித்துவிட்டான். "ஊருக்கெல்லாம் காத்தடிக்கிறவன் நான். எனக்கே கூடிப்போச்சா?" சிரித்தாலும் பயந்தான். ஒழுங்காகச் சொட்டு மருந்து விட்டான். பிறகு சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. கடைசி நாள் அவனுக்குள் என்னவோ லேசானது. மருந்தை நிறுத்தினான். சில வாரத்தில் சந்தையில் கண் முகாம் போட்டிருந்தார்கள். கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்துப் பார்க்கிற மிஷின். "நார்மல்" என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாட்சி சொல்ல எழுந்தான்.

அந்தச் சபையில் பேசுகிறவர்கள் உண்டு, பெஞ்சு தூக்குகிறவர்கள் உண்டு. அவன் பெஞ்சு தூக்குகிற பக்கம். ஆராதனை முடியும்வரை கடைசி வரிசை, முடிந்ததும் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்குவான். அவன் முன்னால் போய் நின்று, "கர்த்தர் எனக்குச் சுகம் குடுத்தாரு. மருந்து இல்லாமலே இறங்கிடுச்சு" என்று சொன்னபோது கூடமே அதிர்ந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மாறி மாறி எழுந்த குரலில் அவனுக்குக் காது அடைத்தது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுகம் பெற்ற சாட்சிக்குப் பிறகு அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஆராதனை முடிந்ததும் அதே நோய் உள்ளவர்கள் வந்து, சாட்சி சொன்னவரின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்வார்கள். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். யார் ஆரம்பித்தது என்று போதகருக்கே தெரியாது. அன்று அவன் கையைப் பிடிக்க வந்தது ஒரே ஒருத்தர். பன் அக்கா. மாவு காய்ந்த விரல்களால் அவன் வலது கையை இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டார். நகக்கண்ணில் கறுப்பு ஏறிய தன் கையை அவ்வளவு மரியாதையாக யாரும் பிடித்து அவன் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் "நீங்க ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். பெஞ்சைத் தூக்கப் போனால், "நீங்க உக்காருங்க அண்ணே" என்று வேறு யாராவது வாங்கிக்கொண்டார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சில வாரம் கழித்து மனைவியின் தொல்லை தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனான். அவள் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். எந்தக் கறை போகும், எந்தக் கறை போகாது என்பதில் அவளை ஏமாற்ற முடியாது. "முகாம்காரன் சொன்னது முகாமோட போகட்டும். டாக்டரம்மா வாயால கேட்டுட்டு வாங்க" என்று துரத்தினாள்.

டாக்டரம்மா பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"மருந்தை எப்ப நிறுத்துனீங்க?"

"நிறுத்தல டாக்டர்... கொஞ்ச நாளாத்தான்."

"முன்னைவிட ஏறியிருக்கு."

"முகாம்ல சரியா இருந்துச்சே டாக்டர்."

"மருந்தை விட்டாலும் அதோட வேலை கொஞ்ச நாள் உள்ள நிக்கும். அந்த நாள்ல பாத்திருக்கீங்க. அதோட, இது காலையில ஒண்ணு காட்டும், சாயங்காலம் ஒண்ணு காட்டும். ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாமா?"

அவனுக்கு முகம் சூடேறியது. நின்ற வண்டியில் பார்க்கிற காற்றும் வெயிலில் ஓடிவந்த வண்டியில் பார்க்கிற காற்றும் ஒன்றில்லை என்று தினமும் டிரைவர்களுக்குச் சொல்கிறவன் அவன். அதற்காக இரண்டு பேரிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறான்.

"இது வலிக்காதுங்க" என்றார் டாக்டரம்மா. "வலிச்சாத்தான் ஓடி வருவீங்களே. இது ஓரத்துலேர்ந்து சத்தமில்லாமத் திருடும். போனது போனதுதான். திரும்ப வராது."

அன்று சாயங்காலமே மறுபடி மருந்து விட்டான். சாட்சியைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. எந்தச் சாட்சியும் நாளடைவில் பழசாகிவிடும், அடுத்த வாரம் வேறு ஒருத்தர் எழுந்து சொல்வார், இதை மறந்துவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தான். அந்த நினைப்புக்கு ஆயுள் மறுநாள் காலைவரைதான்.

பன் வாங்கப் போனவனிடம் அக்கா குரலைத் தாழ்த்தி, ஒரு நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னார்.

"தம்பி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நானும் நிறுத்திட்டேன்."

"எதை?"

"மருந்தைத்தான். உங்க கையைப் பிடிச்ச அன்னைக்கே. பாட்டிலை அடுப்புல போட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், நானும் மேல ஏறி நின்னு சொல்லணும்."

அவன் கையிலிருந்த பன் எப்போது நசுங்கியது என்று அவனுக்குத் தெரியாது. அன்றைக்கே, அதாவது அவன் கையைப் பிடித்த அன்றைக்கே.

கடைக்கு வந்து உட்கார்ந்தான். ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தான். எங்கும் வராத ட்யூபை மறுபடி மறுபடி அமுக்கினான். எதிரே அக்கா தட்டு தட்டாகப் பன்னை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கை எங்கே போகிறது, எதில் இடிக்கிறது என்பதை அன்றிலிருந்து அவன் பார்க்க ஆரம்பித்தான். பார்க்காமலிருக்க முடியவில்லை. மற்றக் கண் ஏற்கெனவே போன பெண்ணுக்கு மிச்சமிருப்பது இந்த ஒன்று. அது அவன் பேச்சைக் கேட்டு ஓரத்திலிருந்து களவு போய்க்கொண்டிருக்கிறது. போய்க்கொண்டிருக்கிறதா? இல்லையோ என்னவோ. அக்காவுக்கு நிஜமாகவே சுகமாகியிருந்தால்? அப்படி நினைக்கிறபோது சற்று மூச்சு வந்தது. மத்தியானம் ஒரு வெறும் தட்டை மேசையின் இடதுபக்கம் வைக்கப்போனார். மேசை முடிந்த இடம் அவருக்குத் தெரியவில்லை. தட்டு தரையில் விழுந்து தெருவரை சத்தம் போட்டது. அக்கா குனிந்து எடுத்துக்கொண்டே சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் துணிந்து தெருவைக் கடந்தான்.

"அக்கா, எதுக்கும் மருந்தை விட்டுக்குங்களேன்."

"எதுக்கும்னா எதுக்கு?"

"சும்மா... ஒரு பாதுகாப்புக்கு."

அக்கா மாவுக் கையை இடுப்பில் வைத்து அவனைப் பார்த்தார். "சபை முன்னாடி நின்னு சொன்னது யாரு? நீங்கதானே? இப்ப ரோட்டுல வந்து எதுக்கும், எதுக்கும்கிறீங்க!"

அவன் சொல்லிவிட்டான். சொல்ல நினைத்த மாதிரி வரவில்லை, வந்தமாதிரி சொன்னான். "எனக்கு மறுபடி ஏறிடுச்சுக்கா. ஆஸ்பத்திரியில பாத்தாங்க."

அக்காவின் முகம் இளகியது. அவன் எதிர்பார்த்த பயம் அதில் இல்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர் முகம் போல இருந்தது.

"இது சோதனை தம்பி. நீங்க அசைஞ்சுடக் கூடாது. வாங்கினதைத் திருப்பிப் பிடுங்கத்தான் இப்படியெல்லாம் நடக்கும். நான் உங்களுக்காக ஜெபம் பண்றேன், போங்க."

"அக்கா, நான் சொல்றதை நம்புங்க."

"நம்புறதுனாலதான் சொல்றேன். அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னதை நம்புவேனா, கடை ஓரத்துல வந்து முணுமுணுக்கிறதை நம்புவேனா?"

அன்று அவனுக்கு ஒன்று விளங்கியது. மாடியில் சொன்ன சொல்லைத் தெருவில் திரும்ப வாங்க முடியாது. எங்கே கொடுத்தானோ அங்கேயேதான் வாங்க வேண்டும். அந்தச் சபையில் சாட்சி சொல்ல நேரம் உண்டு. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு நேரம் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்னங்க, சோத்தை எண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

சொன்னான்.

"எத்தனையோ பேரு எவ்வளவோ பேசுறாங்க. உங்க பேச்சைப் போயா அந்த அம்மா பிடிச்சுக்கணும்?" என்றாள். பிறகு, "எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, உங்களுக்கு அவ்வளவு பேச வருதான்னு."

"கிண்டலா?"

"பயமா இருக்குங்க. வெள்ளைத் துணியில ரத்தம் பட்டா உடனே தண்ணியில போடணும். காயவிட்டா நிக்கும். பாஸ்டர்கிட்டப் போங்க. இப்பவே போங்க."

போதகர் வீட்டில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். இவன் சொல்லச் சொல்லத் துண்டு தலையிலேயே நின்றுவிட்டது.

"நானும் இதைப் போற இடமெல்லாம் சொல்லிட்டேனேப்பா" என்றார். "போன வாரம்கூட வேற ஒரு சபையில. விசாரிக்கணும்னே தோணல. சந்தோஷத்துல யாரு விசாரிப்பா?"

"நீங்க அக்காகிட்டச் சொல்லுங்க பாஸ்டர். நீங்க சொன்னா கேப்பாங்க."

போதகர் யோசித்தார். அவர் நல்ல மனிதர்; தைரியசாலி என்று சொல்ல முடியாது. இந்த ஞாயிறு வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அடுத்த வாரம் பார்க்கலாமா என்று வாய் திறந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் தனியாப் போய்ச் சொன்னா, உன் சாட்சியை பாஸ்டரே நம்பலன்னு அவங்க உனக்காக இன்னும் உறுதியா நிப்பாங்க. எனக்கு அவங்களைத் தெரியும். நீதான் சொல்லணும். அங்கேயேதான் சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்ணு போயிட்டா?"

"அதைக் கேக்காதே. எனக்கும் தெரியாது. நாளைக்கு நான் போய்ச் சொல்லிப் பாக்கிறேன், அவங்க கேக்கலன்னாலும்."

மறுநாள் போதகர் போய்ச் சொன்னார். அக்கா அவருக்கு டீ கொடுத்து, "தம்பியை விட்டுடாதீங்க பாஸ்டர், பாவம், தளர்ந்து போயிருக்கார்" என்று அனுப்பிவைத்தார்.

ஞாயிறுவரை அவன் சரியாகத் தூங்கவில்லை. ஒரு லாரிக்காரனின் சக்கரத்தில் நட்டை முறுக்கியதா இல்லையா என்று சந்தேகம் வந்து, சைக்கிளில் துரத்திக்கொண்டு போய்ப் பார்த்தான். முறுக்கித்தான் இருந்தது. அக்காவோ அந்த ஞாயிறு திருவிருந்து என்பதால் புளிப்பில்லாத அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு வாசலில் குனிந்தபோது இடது தோள் சுவரில் உரசியது. முன்பெல்லாம் உரசாது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. இரண்டாவது பாட்டு முடிந்தது. போதகர் சாட்சிக்கு அழைக்கிற நேரம். அவர் பார்வை அவன்மேல் விழுந்து விலகியது, மறுபடி வந்தது.

"இன்னைக்கு ஒருத்தர் பேசுவார்" என்றார். "கேக்கக் கஷ்டமா இருக்கும். எழுந்து போகாமக் கேளுங்க."

அவன் முன்னால் நடந்தான். அன்று நின்ற அதே இடம். அக்கா இரண்டாவது வரிசையில் அவனைப் பார்த்துத் தைரியம் சொல்கிற மாதிரித் தலையசைத்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது..." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "அது நடக்கல."

யாரோ ஒருவர் பழக்கத்தில் "ஸ்தோத்..." என்று ஆரம்பித்து விழுங்கினார்.

"சத்தமா சொல்லுப்பா. பின்னால கேக்கல" என்றார் அதே சபையைச் சேர்ந்த கணக்கு சார். அவர் குரலில் கேலி இல்லை.

"எனக்குச் சுகமாகல. மருந்தோட வேலையைப் பாத்துட்டு மருந்தில்லாம ஆச்சுன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லணும்னு சொல்லல. ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னேன். இப்ப மருந்து விடுறேன்." அவன் இரண்டாவது வரிசையைப் பார்த்தான். "அக்கா, நீங்க பிடிச்ச கையில ஒண்ணும் இல்லக்கா. தயவுசெஞ்சு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஜன்னலோரம் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். "அப்ப அன்னைக்கு நாங்க ஸ்தோத்திரம் சொன்னது எதுக்கு? யாருக்கு?"

"ஆண்டவருக்குத்தான் சொன்னோம்" என்றார் போதகர். "தப்பான காரணத்துக்குச் சொன்னோம். அதைத் திருத்தி வாங்கிக்க அவருக்குத் தெரியும். ஊரெல்லாம் போய்ச் சொன்னவன் நான். திட்டணும்னா என்னையும் சேத்துத் திட்டுங்க."

அந்த மனிதருக்கு அது போதவில்லை. மனைவி பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போனார்; பிறகு அந்தக் குடும்பம் வரவே இல்லை. அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அக்கா எழுந்தார். முகத்தில் எதுவும் இல்லை. வரிசையை விட்டு வெளியே வரும்போது பெஞ்சின் முனையில் இடித்துக்கொண்டார். சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கினார். போதகரின் மனைவி பின்னால் ஓடினார். முன்னால் மேசையில் அவர் சுட்ட அப்பம் வெள்ளைத் துணிக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொள்ள அவனுக்குக் கை வரவில்லை. மற்றவர்கள் வரிசையில் நின்றபோது அவனும் இறங்கிப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் அன்றே பார்த்தார்கள். இடது கண்ணில் காதுப் பக்கப் பார்வையில் ஒரு துண்டு போயிருந்தது. போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றலாம், ஒரு நாள்கூடத் தவறாமல் மருந்து விழுந்தால். ஆனால் அக்காவின் கை நடுக்கம் முன்னைவிடக் கூடியிருந்தது. இப்போதெல்லாம் சொட்டு கண்ணைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது.

அதனால் சபையார் முறை வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஒருத்தர் பேக்கரிக்குப் போய் அக்காவின் கண்ணில் மருந்து விட வேண்டும். இதைப் பெரிய புண்ணியக் கதையாகச் சொல்லலாம். நடந்ததோ கலவையாகத்தான் நடந்தது. முறை மறந்து தூங்கிப்போனவர் உண்டு. அன்று போதகர் மனைவி செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஒரு சொட்டு விட வந்து ஒரு மணி நேரம் விசுவாசத்தைப் பற்றி உபதேசம் பண்ணியவர் உண்டு. பன்னுக்காகவே முறை வாங்கியவரும் உண்டு. இருந்தும் ஒரு நாள் தப்பாமல் மருந்து விழுந்தது. மாடியில் கிருபை, கிருபை என்று பாடியவர்களுக்கு அது கீழே, மாவு மேசைக்குப் பக்கத்தில், கழுத்தை வளைத்துக் குனிந்து பார்க்கிற வேலையாக வந்து சேர்ந்தது. சிலருக்கு அது வந்தது. சிலருக்கு வரவில்லை.

பஞ்சர்காரனை யாரும் முறைக்குக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா அவனோடு பேசவில்லை. காலையில் அவன் மனைவி போய் பன் வாங்கி வந்தாள். அக்கா கட்டிக் கொடுப்பார், விசாரிக்கமாட்டார். தினமும் சாயங்காலம் ஒருத்தர் எதிரே வந்து மருந்து விடுவதை அவன் கடைக்குள்ளிருந்து பார்ப்பான். வந்தவர் கொஞ்சம் தாமதமானால் இவனுக்கு உள்ளங்கை வியர்க்கும். விட்டுவிட்டுப் போன பிறகுதான் கடை விளக்கைப் போடுவான்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனான், மாடிக்குப் போகவில்லை. பெயின்ட் கடைப் படியில் உட்கார்ந்து மேலே பாடுவதைக் கேட்டான். இரண்டாவது வாரம் கணக்கு சார் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேல ஃபேன் சரியில்ல" என்றார்.

"நல்லாத்தானே சார் ஓடுது? சத்தம் கேக்குதே."

"எனக்குக் காத்து வரலைப்பா. காத்தைப் பத்தி உனக்குத்தான் எல்லாம் தெரியுமோ?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு இருவரும் சிரித்தார்கள். அவன் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. அடுத்த வாரமும் சாருக்கு மேலே காற்று வரவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் முறை கணக்கு சாருடையது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாட்டிலைத் திறந்து, அக்காவின் தலைக்கு மேல் பிடித்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சர்காரன் எதிரே ஒரு சைக்கிள் ட்யூபைத் தொட்டியில் அமுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று அக்கா தலையை நிமிர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க சார்."

"ஏன், என் கை ஆடுதா?"

அக்கா அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகினார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். இடதுபக்கம் வருகிற வண்டிக்காகத் தலையை முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் கத்திக்கொண்டு விலகியது. பஞ்சர்காரன் ட்யூபை விட்டுவிட்டு எழுந்தான். அதற்குள் கணக்கு சார் நடுத்தெருவில் தடியைக் குறுக்கே நீட்டி நின்று, பள்ளிக்கூடத்தில் அதட்டிய குரலில் வண்டிகளை அதட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா கடைக்குள் வந்தார். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கையைக் கழுவுங்க தம்பி."

அவன் சோப்புத் தூள் போட்டுக் கழுவினான். மறுபடி கழுவினான். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டிக் காட்டினான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

அக்கா பாட்டிலை அந்தக் கையில் வைத்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்தார்.

"இமையைக் கீழ இழுத்துப் பிடிங்க. பயப்படாதீங்க."

பயம் அவனுக்குத்தான். மணிக்கட்டை அவர் நெற்றியில் ஊன்றிக்கொண்டான். நெற்றி அடுப்புச் சூட்டோடு இருந்தது. மிச்சமிருந்த அந்தக் கண் அவனை நேராகப் பார்த்தது. ஒரு சொட்டு விழுந்தது. கண்ணுக்குள்தான் விழுந்தது.

அக்கா கண்ணை மூடி, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி மூக்கோரம் விரலால் அமுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

"நாளைக்கும் இதே நேரம் வருவேன்."

"அக்கா..." அவன் பாட்டிலை மூடினான். "இத்தனை பேரு இருக்கும்போது என்கிட்ட ஏன்?"

"தட்டு உள்ள இருக்கு தம்பி. கருகிடும்."

சார் இன்னும் நடுத்தெருவில் தடியை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

அன்றிலிருந்து சபையின் முறை நின்றது. அக்காவின் கண் அவன் கையில். ஏன் என்று பலரும் கேட்டார்கள். போதகர் ஒரு தடவை கேட்டார், அக்கா டீ கொடுத்தார். பஞ்சர்காரனின் மனைவி ஒரு தடவை கேட்டாள். அக்கா அலமாரியிலிருந்து ஒரு பன்னை எடுத்து அவள் கையில் வைத்து, "சூடா இருக்கு, ஊதித் தின்னு" என்றார்.